தடுப்பூசிக்குக் காப்புறுதி பணம் தருமா?

வாசகர் கேள்விகளுக்கு மிருக வைத்தியரின் பதில்கள்

சென்ற இதழில் நாய்க்குட்டிகளுக்கான தடுப்பூசி ஒழுங்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களில் பல, ஊசியைப் பற்றியன்றி அதன் செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றியே இருந்தன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் சகோதரர்களும் தங்கள் நாய் பூனைகளுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறார்கள். அது எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்ற குழப்பமோ தொலைபேசி வழியாக யாழ்ப்பாணத்து வீடுகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த இதழை முழுவதுமாக அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் மகள் ஒரு லாப்ரடோர் நாயை வளர்க்கிறாள். குட்டியாக வாங்கிய நாளிலிருந்து மாதம் தவறாமல் காப்புறுதிக் கட்டுப்பணம் செலுத்தி வருகிறாள். அண்மையில் வருடாந்தத் தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் செலவான பணத்தைக் கேட்டபோது, அவை ஒப்பந்தத்தில் அடங்கவில்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். பதினான்கு மாதங்கள் பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஊசிக்குக்கூடத் தராதது ஏமாற்று இல்லையா? இங்கே எங்கள் நாய்க்கு அரசாங்கமே இலவசமாக விசர் ஊசி போடுகிறதே!
— வாசகி, கொக்குவில்

பதில்: அம்மா, உங்கள் மகளின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் இதனை ஏமாற்று என்று சொல்ல முடியாது. பிரித்தானியாவில் விற்கப்படும் செல்லப் பிராணிக் காப்புறுதிகள் அனேகமாக எல்லாமே தடுப்பூசி, பூச்சி மருந்து, தெள்ளுக்கும் உண்ணிக்குமான மருந்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை, நகம் வெட்டுதல், வருடாந்தப் பொதுச் சோதனை ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கின்றன. எவற்றுக்குப் பணம் செலுத்தப்படமாட்டாது என்று பத்திரத்தில் ஒரு பகுதி இருக்கும். வாங்கும்போது எவரும் வாசிக்காத பகுதியும், கோரிக்கை மறுக்கப்பட்ட பின் எல்லோரும் வாசிக்கும் பகுதியும் அதுதான். விற்பவர்கள் அதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் உங்கள் மகளுக்கு இந்த மனவருத்தம் வந்திருக்காது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

காரணத்தை நம் வீட்டு முற்றத்திலிருந்தே சொல்லலாம். மோட்டார் சைக்கிளுக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தால், விபத்தில் முன்சில்லு நெளியும்போது நிறுவனம் பணம் தருகிறது. ஆனால் குறித்த தூரம் ஓடியதும் மாற்றவேண்டிய எஞ்சின் ஒயிலுக்கு நாம் அதனிடம் பணம் கேட்பதில்லை. எப்போது வரும், எவருக்கு வரும், எவ்வளவாகும் என்று முன்கூட்டித் தெரியாத இழப்பைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்வதே காப்புறுதி. நூறு நாய்களில் ஒன்றின் கால் இவ்வருடம் முறியலாம். அந்தச் செலவை நூறு பேரும் சிறிது சிறிதாகத் தாங்கலாம். வருடாந்தத் தடுப்பூசியோ நூறு நாய்களுக்கும் வேண்டும். நூறு பேரும் பணம் கட்டி, நூறு பேரும் அதே பணத்தைத் திரும்பக் கேட்பதாயின், இடையில் நிறுவனத்தின் நிருவாகச் செலவும் இலாபமும் சேர்ந்து ஒவ்வொருவரும் ஊசியின் விலையைவிடக் கூடுதலாகவே கட்ட நேரிடும். பிரித்தானியாவில் 2017 ஜூன் மாதம் முதல் காப்புறுதிக் கட்டுப்பணத்தின்மீது 12 சதவீத வரியும் இருக்கிறது. ஊசியைக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தால் அந்த ஊசிக்கும் சேர்த்து அவ்வரியைக் கட்டவேண்டியிருக்கும்.

இத்துறை பிறந்த விதமும் இதனை விளக்குகிறது. நாயொன்றுக்கு முதன்முதலாகக் காப்புறுதி வழங்கப்பட்டது சுவீடனில், 1924ஆம் ஆண்டில் என்பர். அதற்கு முன்னரே அங்கு குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் காப்புறுதி இருந்தது. உழைக்கும் விலங்கு திடீரென இறந்தால் குடும்பம் நொடிந்துவிடும் என்பதே அதன் அடிப்படை. பிரித்தானியாவுக்கு அது 1947இல் வந்தது. பேரிழப்புக்காக ஏற்பட்ட ஏற்பாடு ஆகையால், நாட்செலவு தொடக்கத்திலிருந்தே அதன் எல்லைக்கு வெளியில்தான் இருந்தது.

உங்கள் மகள் இப்போது பார்க்கவேண்டியது வேறொன்று. பிரித்தானியக் காப்புறுதிகளில் விபத்துக்கு மட்டுமானவை உண்டு. ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதங்கள் வரை மட்டும் பணம் தருபவை உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் உச்சத் தொகையை வைத்து, அது முடிந்ததும் நிறுத்திக்கொள்பவை உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்வரை தொகையும் புதிதாகத் தொடங்குகின்ற வாழ்நாள் காப்புறுதிகளும் உண்டு. லாப்ரடோர் இனத்துக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடும் முழங்கை மூட்டுக் குறைபாடும் தோல் ஒவ்வாமையும் அதிகம் வருகின்றன. இவை ஒரு வருடத்தில் முடிகின்ற நோய்களல்ல. பன்னிரண்டு மாதக் காப்புறுதியை வைத்திருந்து, நோய் வந்த பின் வேறு நிறுவனத்துக்கு மாறினால், அது ஏற்கெனவே இருந்த நோய் என்று கூறி விலக்கப்படும். ஊசிக்குப் பணம் வரவில்லை என்பதற்காக அவசரப்பட்டு நிறுவனத்தை மாற்றவேண்டாம் என்று மகளுக்குச் சொல்லுங்கள். அதனைவிட, கையிலுள்ள பத்திரம் இந்நான்கில் எந்த வகை என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்றிருக்கிறது. தடுப்பூசிக்குப் பணம் தராத அதே பத்திரம், தடுப்பூசி காலந்தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதிக்கிறது. குடலைத் தாக்கி இரத்தமாகக் கழியச்செய்யும் பார்வோ வைரஸ் நோய்க்கு ஊசி போடாத நாய்க்கு அந்நோய் வந்து, ஒரு வாரம் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றிப் பெருந்தொகை செலவானால், ஊசியால் தடுத்திருக்கக்கூடிய நோய் இது என்று சொல்லி நிறுவனம் கோரிக்கையை மறுக்கலாம். நியாயமா என்று கேட்பீர்கள். நியாயம் என்றே நான் கருதுகிறேன். யாழ்ப்பாணத்தில் முற்காலத்தில் ஆண்டுக்கொருமுறை வேலி அடைப்போம். வேலியை அடைக்காமல் விட்டவர், மாடு புகுந்து பயிரை மேய்ந்துவிட்டது என்று அயலவரிடம் நட்டஈடு கேட்க முடியாது அல்லவா? ஆகவே மகள் ஊசிச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டாலும், பற்றுச்சீட்டையும் ஊசி அட்டையையும் கவனமாக வைத்திருக்கட்டும். பெரிய கோரிக்கை ஒன்று வரும் நாளில் நிறுவனம் முதலிற் கேட்பது அவற்றைத்தான்.

நாட்செலவைப் பிரித்துக் கட்ட விரும்பினால் அங்குள்ள மிருக வைத்திய நிலையங்கள் பலவும் நடத்தும் மாதாந்தத் திட்டங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு தொகையைக் கட்டினால் வருடாந்த ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, இரண்டொரு சோதனை ஆகியவை அதில் அடங்கும். இது காப்புறுதியன்று, தவணைமுறைக் கட்டணம். நம்மவர்களின் மொழியிற் சொன்னால் சீட்டுக் கட்டுவதைப் போன்றது. கட்டியதையே திரும்பப் பெறுகிறீர்கள். இடையில் நிறுத்தினால், அதுவரை பெற்ற சேவைகளின் மீதிப் பணத்தைக் கேட்பார்கள். வீடு மாறி வேறு நிலையத்துக்குப் போனால் திட்டம் கூடவே வராது. இவ்விரண்டையும் அறிந்துகொண்டு சேர்ந்தால் குறையொன்றுமில்லை.

இங்கே அரசாங்கம் இலவசமாக ஊசி போடுவதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பிரித்தானியா 1922ஆம் ஆண்டளவில் விசர்நாய்க்கடி நோயை நாய்களிடமிருந்து ஒழித்துவிட்டது. ஆதலால் நாட்டைவிட்டு வெளியே செல்லாத நாய்க்கு அங்கே அந்த ஊசியே வழக்கத்தில் இல்லை. இலங்கையில் அந்நோய் இன்னும் இருக்கிறது. சுகாதாரத் துறையினர் நாய்க்கு ஊசி போடுவது நாயை மட்டுமன்றி, அது கடிக்கக்கூடிய பிள்ளையையும் காப்பதற்காகவே. அது பொதுச் சுகாதாரச் செலவு. அதனைக் காப்புறுதியோடு ஒப்பிடுவது பொருந்தாது.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் எனது அண்ணா ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார். காப்புறுதியோடு சேர்த்து, தடுப்பூசி, பற்களைச் சுத்தம் செய்தல், கருத்தடை ஆகியவற்றுக்கும் பணம் தருகின்ற மேலதிகத் திட்டமொன்றை எடுக்கச் சொல்கிறார்களாம். கட்டணம் மேலும் கூடுகிறது. எடுக்கலாமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: வட அமெரிக்காவில் இந்த மேலதிகத் திட்டம் பரவலாக விற்கப்படுகிறது. எடுக்கலாமா என்பதற்கு ஒரு தாளும் பேனையும் போதும். ஓர் எடுத்துக்காட்டுக்காக, மேலதிகக் கட்டணம் மாதம் 25 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 டொலர். இப்போது திட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு சேவைக்கும் ஓர் உச்சத் தொகை தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். பற்களுக்கு 100, ஊசிகளுக்கு 80, பொதுச் சோதனைக்கு 50, இரத்தச் சோதனைக்கு 40, பூச்சி மருந்துக்கு 60 என்று எல்லாவற்றையும் கூட்டினால் 330 டொலர் வரும். 300 கட்டி 330 பெறலாம் என்று தோன்றும். ஆனால் நாய் இளமையாயிருக்கும் ஆண்டுகளில் பற்சுத்தம் தேவைப்படாது. இரத்தச் சோதனையும் தேவைப்படாமற் போகலாம். அவற்றைக் கழித்தால் கையில் வருவது 190 மட்டுமே. பயன்படுத்தாத தொகை பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு முதலாம் ஆண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரமோ அதற்குச் சற்றுப் பின்னரோ வரும்வரை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போடவேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது என்பதே இத்தனை முறை போடுவதன் காரணம். அதனோடு கருத்தடையும் அதே ஆண்டில் வரக்கூடும். ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்று மாதத்தைக் கடந்த நாய்க்கும் பூனைக்கும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம். எனவே முதலாம் ஆண்டில் இத்திட்டம் சில வேளைகளில் நட்டமின்றி முடியலாம். அதன் பின்னர், உலகச் சிறு விலங்கு மிருக வைத்திய சங்கத்தின் வழிகாட்டலின்படி பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய வைரஸ் நோய்களுக்கான அடிப்படை ஊசிகள் வளர்ந்த நாய்க்கு மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. எலிக்காய்ச்சல் ஊசி போன்றவையே ஆண்டுதோறும் போடப்படவேண்டியவை. செலவு குறைகிறது, கட்டணமோ குறைவதில்லை. கருத்தடைக்குப் பணம் தருவார்களா, தருவதானால் எத்தனை மாதக் காத்திருப்பின் பின் என்பதை அண்ணா எழுத்திற் கேட்டு வாங்கட்டும்.

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் சட்டமியற்றுவோரின் கவனத்தையே ஈர்த்திருக்கிறது. அங்குள்ள மாநிலங்களின் காப்புறுதி ஆணையாளர்களது தேசிய சங்கம் 2022ஆம் ஆண்டில் செல்லப் பிராணிக் காப்புறுதிக்கான மாதிரிச் சட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. நலன்பேணும் திட்டம் எனப்படும் இத்தகைய மேலதிகத் திட்டத்தைக் காப்புறுதி என்று சொல்லி விற்கக்கூடாது. காப்புறுதியை வாங்குவதற்கு அத்திட்டத்தையும் வாங்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கக்கூடாது. அதன் விலையைத் தனியாகக் காட்டவேண்டும் என்று அது கூறுகிறது. காப்புறுதி எடுத்த பின் நோய்களுக்குப் பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் 30 நாட்களுக்கு மேற்படலாகாது, விபத்துக்குக் காத்திருப்பே கூடாது என்றும் அதிலுண்டு. அச்சட்டம் கனடாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் அண்ணா விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் அதில் அப்படியே இருக்கின்றன. அடிப்படைக் காப்புறுதியை எடுக்கட்டும். மேலதிகத் திட்டத்தின் 25 டொலரை ஒரு தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டுவரட்டும் என்பதே என் ஆலோசனை.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். ஏழு வயது நாயொன்று எங்களோடு இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் காப்புறுதி பற்றிச் சொல்லும்போது ஏக்கமாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் இங்கே என்ன செய்யலாம்?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: ஐயா, விலங்குக்குக் காப்புறுதி என்பது நமக்குப் புதிதன்று. 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை பயிர்களுக்கும் கால்நடைகளுக்கும் காப்புறுதி வழங்குகிறது. பாற்பசு வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் கமநல சேவை நிலையத்தில் அதுபற்றி விசாரிக்கலாம். அங்கும் பசு இறந்தால் அதன் பெறுமதிக்கே இழப்பீடு. பசுவுக்குப் போடும் ஊசிக்கு அல்ல. நாய்க்கும் பூனைக்குமோ லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பதைப் போன்ற பரந்த சந்தை இங்கே வளரவில்லை. ஆகவே நம்மிடம் இருப்பது தடுப்பு மட்டுமே. அதனைச் சிறிய விடயமாக எண்ணவேண்டாம். நமது மண்ணின் நோய்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை.

முதலாவது விசர்நாய்க்கடி நோய். இதற்குச் சிகிச்சை கிடையாது. அறிகுறி தோன்றிய பின் நாயும் பிழைப்பதில்லை, மனிதரும் பிழைப்பதில்லை என்றே கொள்ளவேண்டும். ஊசியோ பொதுச் சுகாதார மிருக வைத்திய சேவையினரின் முகாம்களில் இலவசம். ஆண்டுதோறும் போடுங்கள். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவுசெய்வதும் நம் கடமை. ஊசி அட்டை அதற்கும் வேண்டும். உங்கள் நாய் யாரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அங்கே நாய்க்கு ஊசி போடப்பட்டதா, எப்போது போடப்பட்டது என்று கேட்பார்கள். நாயையும் பதினான்கு நாட்கள் கட்டி வைத்து அவதானிக்கச் சொல்வார்கள். அந்த வேளையில் அட்டை கையில் இருந்தால் இரு குடும்பத்தாரின் பதற்றமும் எவ்வளவு தணிகிறது என்பதை நான் பல தடவைகள் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது உண்ணி. யாழ்ப்பாணத்தின் வெப்பத்தில் நாயுண்ணி ஆண்டு முழுவதும் பெருகுகிறது. அது சுவரின் வெடிப்பிலும் கூட்டின் மூலையிலும் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுக் கூட்டைத் தொடாமல் விட்டால், அடுத்த மாதம் அதே எண்ணிக்கையில் உண்ணி திரும்பி வரும். உண்ணி பரப்பும் பபேசியா, எர்லிக்கியா என்னும் கிருமிகளால் நாய்க்குக் காய்ச்சலும் இரத்தச்சோகையும் ஏற்படுகின்றன. சில நாய்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடியும். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும், முழுமையாகக் குணமாகாமல் மீண்டும் மீண்டும் வரவும் கூடும். என் பணிக்காலத்தில் மனம் நொந்து பார்த்த மரணங்களிற் பெரும்பகுதி இவ்வகையே. மாதம் ஒருமுறை கொடுக்கும் உண்ணி மருந்து உங்கள் ஓய்வூதியத்துக்குப் பாரமாயிருந்தால், தினமும் மாலையில் காது மடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் கைவைத்துப் பார்க்கும் பழக்கத்தையாவது கைவிடாதீர்கள்.

மூன்றாவது குடற்புழு. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கொருமுறை பூச்சி மருந்து கொடுங்கள். கொக்கிப் புழுக்களில் ஒரு வகைக்கு அறிவியற் பெயரே இலங்கையின் பழைய பெயரைக் கொண்டு வைக்கப்பட்டிருக்கிறது. அது நாயிலும் பூனையிலும் வாழ்ந்து, மனிதரின் குடலிலும் வளரக்கூடியது. மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த மாத்திரை நாய்க்கான செலவு மட்டுமன்று.

திடீர்ச் செலவுக்கு, மாதம் உங்களால் இயன்ற ஒரு சிறு தொகையை நாயின் பெயரில் ஒதுக்கி, தபாலகச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டு வாருங்கள். ஏழு வயது நாய்க்கு இனித்தான் செலவு வரும். வெளிநாட்டுக் காப்புறுதிகளும் வயதான நாய்க்குக் கட்டுப்பணத்தை உயர்த்தி, செலவில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்கவேண்டும் என்று விதிப்பதுண்டு. அவர்களைப் பார்த்து நீங்கள் ஏங்கவேண்டிய அளவு அங்கும் எல்லாம் இலகுவாக இல்லை.

கேள்வி: எங்கள் பெண் நாய்க்கு இரண்டு வயது. கருத்தடை செய்வது பாவம் என்று மாமியார் தடுக்கிறார். ஜேர்மனியில் உள்ள தங்கையோ, கருப்பையில் சீழ் வைத்து அவளுடைய நாய்க்கு அதே சத்திரசிகிச்சையைச் செய்ததாகவும், காப்புறுதி அதற்குப் பணம் தந்ததாகவும் சொல்கிறாள். கருத்தடைக்குத் தராத காப்புறுதி இதற்கு மட்டும் ஏன் தந்தது?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: நல்ல கேள்வி. இரண்டிலும் அகற்றப்படுவது அதே கருப்பையும் சூலகங்களும்தான். ஆனால் முதலாவது, ஆரோக்கியமான விலங்குக்கு நாளும் நேரமும் பார்த்து நாம் விரும்பிச் செய்வது. இரண்டாவது, நோய் உயிருக்கு உலைவைக்கும்போது வேறு வழியின்றிச் செய்வது. காப்புறுதி நோயைப் பார்க்கிறதே தவிர, சத்திரசிகிச்சையின் பெயரைப் பார்ப்பதில்லை. ஆகையால் நோய்களை உள்ளடக்கிய காப்புறுதிகள் கருப்பைச் சீழுக்குப் பொதுவாகப் பணம் தருகின்றன. வழக்கமான கருத்தடைக்குத் தருவதில்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கருப்பைச் சீழ், நாய் பருவத்துக்கு, அதாவது இனச்சேர்க்கைக் காலத்துக்கு, வந்து சில வாரங்களின் பின், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள், அதிலும் நடுவயதைக் கடந்த நாய்களில் அதிகமாக ஏற்படுகிறது. நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், உணவை வெறுக்கும், வாந்தியெடுக்கும். சிலவற்றுக்குப் பின்புறத்திலிருந்து சீழ் வடியும், சிலவற்றுக்குக் கருப்பை வாசல் மூடியிருப்பதால் எதுவுமே வெளித்தெரியாது. பின்வகை இன்னும் ஆபத்தானது. நச்சு ஏறிய உடம்பில், சிறுநீரகம் தளர்ந்திருக்கும் வேளையில், நள்ளிரவிலும் செய்ய நேரக்கூடிய அந்தச் சத்திரசிகிச்சையில் எல்லா நாய்களும் பிழைப்பதில்லை. தங்கையின் நாய் பிழைத்தது மகிழ்ச்சிக்குரியது. பணத்தைக் காப்புறுதி தந்தது. அந்த வேதனையை நாயே தாங்கியது.

மாமியாரின் மனத்தை நான் மதிக்கிறேன். உயிர்மீது கொண்ட இரக்கத்தினாலேயே அவர் தடுக்கிறார். அந்த இரக்கத்தோடுதான் அவரிடம் பேசவேண்டும். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவிட்டுப் போவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றிற் பலவும் பார்வோ நோயினால் இரத்தமாகக் கழிந்து ஒரு கிழமைக்குள் இறந்துபோகின்றன. தெரு நாய்களிடையே புணர்ச்சியால் தொற்றும் கட்டி நோயும் இலங்கையில் சாதாரணமாகக் காணப்படுகிறது. முதலாம் இரண்டாம் பருவங்களுக்கு முன் கருத்தடை செய்தால் பிற்காலத்தில் முலைக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். இரண்டு வயதில் அந்த நன்மை ஓரளவு குறைந்திருந்தாலும், கருப்பைச் சீழ் வராமற் காக்கும் நன்மை முழுமையாகவே கிடைக்கும். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் சென்றபின் செய்யுங்கள். உங்கள் பிரதேசத்தில் இலவசக் கருத்தடை முகாம் நடைபெறும் காலத்தைப் பிரதேச சபையிலோ அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்திலோ கேட்டறியலாம்.

கேள்வி: காப்புறுதி பற்களைச் சுத்தம் செய்யப் பணம் தருமா?
— வாசகர், நல்லூர்

பதில்: விபத்தில் பல் உடைந்தால் பெரும்பாலும் தரும். பற்களில் படிந்த காரையை அகற்றிச் சுத்தம் செய்வதற்குத் தராது. பல்நோய்க்குத் தரும் காப்புறுதிகளும், வருடத்துக்கு ஒருமுறை வைத்தியர் பல்லைச் சோதித்து, அவர் சொன்ன சிகிச்சையையும் செய்திருந்தால் மட்டுமே தரும்.

கேள்வி: எங்கள் நாய் மதிலுக்கு வெளியே போவதே இல்லை. அதற்கும் ஊசிகள் எல்லாம் தேவைதானா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: தேவை. நாய் மதிலைத் தாண்டாவிட்டாலும் எலி தாண்டுகிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் காவுகொண்டதை நாம் இன்னும் மறந்துவிடவில்லை. மழை வெள்ளம் வடிந்த முற்றத்தில் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், அதை நக்கும் நாய்க்கு அந்நோய் தொற்றும். தொற்றிய நாயின் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் வரக்கூடும். நாய்க்கான எலிக்காய்ச்சல் ஊசியை மாரிக்கு முன்னதாக, புரட்டாதி ஐப்பசியளவில் போட்டுக்கொள்வது நல்லது. முதன்முறை போடுவதாயின் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவைகள் போடவேண்டும். பார்வோ வைரஸோ மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருந்து, உங்கள் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். நாய் வெளியே போவதில்லை என்ற வாதத்தை வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை.

கேள்வி: வீடு மாறும்போது நாயின் ஊசி அட்டை தொலைந்துவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், உடுவில்

பதில்: ஊசி போட்ட அலுவலகத்துக்கோ தனியார் நிலையத்துக்கோ போய், ஏறக்குறைய எந்த மாதம் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். பதிவேட்டில் இருந்தால் புதிய அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார்கள். முகாமில் போட்டிருந்து பதிவு கிடைக்காவிட்டால் விசர் ஊசியை மறுபடியும் போட்டுவிடுங்கள். இருமுறை போட்டதால் நாய்க்குத் தீங்கு வராது. புதிய அட்டை கிடைத்த அன்றே அதன் இரு பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஊசி மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டை அட்டையில் ஒட்டித் தரும்படியும் கேளுங்கள். மருந்தின் பெயரும் தொகுதி இலக்கமும் அதில் இருக்கும்.